சிவப்பு யாருடைய பாடம்?



காவிரியின் அக்கரையில் பவானி, இக்கரையில் குமாரபாளையம். அங்கே ஜமக்காளம், இங்கே லுங்கியும் துண்டும். இரண்டு ஊரிலும் நூலுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது சாயம். அதிலும் சிவப்பு கொஞ்சம் தொல்லை பிடித்த நிறம். சரியாகப் பிடிக்காவிட்டால் முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளைக் கோட்டில் இறங்கிவிடும். இந்தச் சிவப்பு எந்தத் துறையின் பாடம் என்பதுதான் இன்று பட்டம் பெறும் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி. வாங்குபவர் ஏன் அதை எடுக்கிறார் என்று வணிகவியல் கேட்கும். சாயத்தொட்டியில் கை வைத்தவர் உடம்பு என்ன ஆகிறது என்று மருத்துவம் கேட்கும். இந்த நிறத்தை முன்னோர் எப்படி உண்டாக்கினார்கள் என்று தொல்லியலும் கலை வரலாறும் கேட்கும். கற்பிக்கும் வசதிக்காக இவற்றை மூன்று கட்டடங்களில் வைத்திருக்கிறோம், அதில் தவறில்லை. ஆய்வு என்று வரும்போதும் அதே சுவர்களுக்குள் நின்றுகொண்டால், நாம் கண்டுபிடிக்கும் விடை பிழையாகவே போகக்கூடும் என்பது என் வாதம். பக்கத்துத் துறையின் கேள்வியை ஆய்வுக்குப் பூசும் மெருகாகவே பலர் நினைக்கிறார்கள். அது நம் விடையைத் தணிக்கை செய்யும் வேலையைப் பார்க்கிறது.

சாயத்துக்கு முன், சிவப்பை முதலில் ஒரு கல் மணியில் பார்ப்போம். ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அங்கே அகழாய்வு செய்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று அங்கே கிடைத்த மணிகள் ஏராளம். உடைத்தது, செதுக்கியது, தேய்த்தது, துளையிட்டது என்று வேலையின் ஒவ்வொரு படியிலும் நின்றுபோன கற்கள் கிடைத்ததால்தான் அது மணிகளைச் செய்த ஊர் என்றும் தெரிந்தது. பச்சைக்கல்லுக்குக் காங்கேயம் பக்கத்துப் படியூர் போதும். செக்கச் சிவந்த சூதுபவளம் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர் கருத்து.

அந்தக் கல்லை இன்றைக்கும் மணியாக்கும் ஊர் குஜராத்தின் கம்பாத். மங்கிய பழுப்புக் கல்லைச் சட்டியில் வைத்துப் பக்குவமாகச் சூடேற்றினால் கல்லுக்குள் இருக்கும் இரும்பு மாறி, கல் சிவக்கிறது. சிந்துவெளி மக்கள் மணி செய்த முறையை அறிய விரும்பிய மார்க் கெனோயர், மாசிமோ விடாலே, குல்தீப் பான் ஆகிய தொல்லியலாளர்கள் கம்பாத்தின் பட்டறைகளில் உட்கார்ந்து, உடைக்கும் கை, துளையிடும் கை, கழிவு விழும் இடம் என எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். ஹரப்பாவின் தரையில் கிடந்த கற்சிதறல்களுக்குப் பொருள் சொல்ல அந்தப் பதிவு உதவியது. அதே பட்டறைகளுக்கு இன்னொரு கூட்டமும் போனது: அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள். அவர்கள் பார்த்தது தேய்ப்புச் சக்கரத்திலிருந்து எழும் தூளை. அந்தத் தூள் சிலிக்கா. நுரையீரலில் படிந்து தழும்பாகி மூச்சை இறுக்கும். காசநோய்க்கும் வழி திறக்கும். சிலிகோசிஸ் என்னும் இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மணி தேய்ப்பவர்களிடம் மட்டுமன்றி, தேய்க்காத அக்கம்பக்கத்தாரிடமும் அதன் சுவடுகளை மருத்துவர்கள் கண்டார்கள்.

ஒரே பட்டறை, ஒரே சக்கரம், இரண்டு ஆய்வுகள். இரண்டும் மெய்தான். ஆனாலும் தொல்லியலாளரின் ஏட்டை மட்டும் படித்தவர் நாலாயிரம் ஆண்டுக் கைத்திறனைக் கண்டு வியந்து நின்றுவிடுவார். மருத்துவ அறிக்கையை மட்டும் படித்தவர், தூளை உறிஞ்சும் கருவியைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பார். அந்தக் கருவி ஏன் வீடு வீடாகப் போய்ச் சேருவதில்லை என்பதற்கு மூன்றாவது துறையிடம்தான் போக வேண்டும். மணி தேய்ப்பது பெரும்பாலும் வீட்டுத் தொழில்; கூலி எண்ணிக்கைக்கு. கருவிக்கு ஆகும் செலவை மணியின் விலையில் ஏற்றினால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போவார். நிறத்தையும் வழவழப்பையும் பார்த்து விலை சொல்லும் அந்த வாங்குபவருக்கு, கல்லின் பளபளப்பு யாருடைய மூச்சிலிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை. வாங்குபவரின் கண் நிறத்தில்தான் நிற்கும் என்பது தொழில் செய்பவர்களுக்குப் பழங்காலத்திலேயே தெரியும். இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றிப் பச்சைக்கல் போலச் செய்துவிடுகிறார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி எழுதி வைத்தார். போலிச் சரக்கு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று வருந்துகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

இனி சாயத்துக்கு வருவோம். 1895இல் பிராங்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சிவப்புச் சாயம் செய்யும் ஆலைத் தொழிலாளர் மூவரிடம் சிறுநீர்ப்பைக் கட்டி இருந்ததை அறிவித்தார். சாயத் தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு அங்கேதான் முதலில் கண்ணில் பட்டது. அதே ஜெர்மனியில் 40 ஆண்டு கழித்து, 1935இல், கெர்ஹார்ட் டோமாக் என்பவர் இன்னொரு சிவப்புச் சாயம் உடலில் புகுந்த கிருமிகளை அடக்குகிறது என்று எழுதினார். புரோன்டோசில் என்ற அந்த அசோ சாயம்தான் சல்பா மருந்துகளுக்குத் தாய். அதே ஆண்டு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் அந்தச் சாயத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். நோயைக் குணப்படுத்தியது சிவப்பு அன்று, உடலுக்குள் அதிலிருந்து பிரியும் நிறமற்ற பகுதிதான் என்று காட்டினார்கள். சாயக்காரர்கள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடல் என்ன செய்கிறது என்று கேட்டவர்களுக்குத்தான் விடை கிடைத்தது.

அடுத்து நடந்ததை மருந்தியல் மாணவர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், மக்கள் மாத்திரையைவிடத் திரவ மருந்தையே கேட்கிறார்கள் என்ற விற்பனைத் தகவலை நம்பி, அந்தச் சல்பா மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரிப் பழச் சுவை சேர்த்து விற்றது. சந்தைக்கு அனுப்புமுன் சோதனை செய்யாமல் இல்லை. சுவை, தோற்றம், மணம் மூன்றையும் சோதித்தார்கள், மூன்றிலும் தேறியது. நஞ்சா என்று மட்டும் யாரும் சோதிக்கவில்லை. 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அதன் பிறகே, 1938இல், மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. வாங்குபவரின் விருப்பத்தை அந்த நிறுவனம் பிழையின்றிப் படித்திருந்தது. அதுதான் இதில் கொடுமை. ஒரு துறையின் விடை முழுக்கச் சரியாக இருந்தும், பக்கத்துத் துறையின் ஒற்றைக் கேள்வி கேட்கப்படாததால் உயிர்கள் போயின. பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் அதே நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் அதே நஞ்சு கலந்த இருமல் மருந்தால் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளை இழந்தோம். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

நிறத்தின் பிடி மருந்தோடு மட்டும் நிற்பதில்லை, மருந்து சாப்பிடுகிறவர் மனத்திலும் இருக்கிறது. எந்த மருந்துக்கடையிலும் நில்லுங்கள். பெயர் சொல்லிக் கேட்பவர் சிலரே, 'அந்த ரோஸ் கலர் மாத்திரை' என்பவரே அதிகம். 1972இல் லான்செட் இதழில் ஒரு சோதனை வெளிவந்தது. மருந்தே இல்லாத மாத்திரைகளை நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். நீலத்தை விழுங்கியவர்களுக்கே தூக்கக் கலக்கம் அதிகம். 2013இல் அமெரிக்காவில் வலிப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அதே மருந்து வேறு நிறத்தில் வந்தபோது நோயாளிகள் அதைத் தொடராமல் விடும் வாய்ப்பு கூடியதைக் கண்டார்கள். மலிவான மாத்திரைகள் அடிக்கடி நிறம் மாறும் நம் நாட்டில் இது வணிகவியல் மாணவரின் பாடமா, மருந்தியல் மாணவரின் பாடமா? இருவரும் சேர்ந்து உட்காராமல் இதற்கு விடை கிடையாது.

என் வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது, எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் ஆழம் இராது என்பது. நியாயமான மறுப்பு. நான் கேட்பது ஆழத்தை விடச் சொல்லி அல்ல. சென்னை அருங்காட்சியகத்தில் 1930களில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவனைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்திய பிறகு, அதன் சாந்தையும் நிறமியையும் பரமசிவன் சோதித்தார். சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காயுமுன் தீட்டிய ஓவியம் அது என்ற முடிவுக்கு வந்தார். அவர் கலை வரலாற்றாசிரியராக மாறவில்லை. வேதியியலாளராகவே இருந்து, கலை கேட்ட கேள்விக்குத் தன் முறையால் விடை சொன்னார். ஆழம் இல்லாதவரால் இதைச் செய்திருக்க முடியாது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. கீழடிப் பானை ஓடுகளின் கரிய பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு. உடனே, நம் குயவர்கள் நானோ தொழில்நுட்பம் அறிந்தவர்கள் என்று மேடைகளில் முழங்கத் தொடங்கிவிட்டோம். ஆய்வு சொன்னது பூச்சில் என்ன இருக்கிறது என்பதை. குயவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நுண்ணோக்கி காட்டாது. பெருமையால் எல்லை தாண்டுகிறவர்களைச் சான்று கேட்டு நிறுத்துவதும் பட்டதாரியின் வேலைதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. பல்துறை ஆய்விதழ் என்ற பெயரில் ஒரே அட்டைக்குள் ஷாம்பு வாங்குவோர் மனநிறைவு பற்றி ஒன்று, நீரிழிவு பற்றி ஒன்று, கோயில் தூண் பற்றி ஒன்று என்று கட்டுரைகளை அடுக்கிக் காசு வாங்கும் இதழ்கள் பெருகியிருக்கின்றன. அடுத்தடுத்து அச்சாவதால் அவை ஒன்றையொன்று கேள்வி கேட்டுவிடுவதில்லை. தரமான இதழ்களைப் பிரித்துக்காட்ட 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. இனிப் பிரித்தறியும் பொறுப்பு கல்லூரிகளுடையது, உங்களுடையது. நுகர்வோர் ஆய்வு என்றாலே ஐந்து கட்டம் போட்ட வினாத்தாள் என்று ஆகிவிட்டதும் வருத்தத்துக்குரியது. 1934இலேயே ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் இதன் ஓட்டையைக் காட்டினார். சீனத் தம்பதியர் இருவருடன் அமெரிக்காவில் 250க்கும் மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஓரிடத்தில் மட்டுமே மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதிச் சீனரை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் தந்தவர்களில் 10க்கு 9 பேர் மாட்டோம் என்றார்கள். தாளில் சொல்வது வேறு, கடையில் செய்வது வேறு. மருத்துவர் நோயாளி சொன்னதோடு நிற்காமல் இரத்தத்தையும் சோதிப்பார். அந்த ஐயப்பாட்டை வணிகவியல் மருத்துவத்திலிருந்து கடன் வாங்கட்டும்.

கடைசி மறுப்பைப் பெற்றோர்கள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம்: முதலில் வேலை, அப்புறம்தானே இதெல்லாம் என்று. 1994இல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளியிடும் அசோ சாயங்களை உடைகளில் தடை செய்தது. இந்தியாவும் 1997இல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஏற்றுமதி செய்யும் கொங்கு நாட்டுத் துணித் தொழிலுக்கு அது வயிற்றுப் பிழைப்பின் கேள்வி ஆனது. எந்தச் சாயம் எந்த அமினைத் தரும் என்று தெரிந்தவருக்கே சரக்கு கப்பலேறியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் கதை அதுவே: கழிவுநீரின் கணக்கைத் தள்ளிப்போட்ட தொழில் ஒரே நாளில் நின்றது. பக்கத்துத் துறையின் கேள்வியைக் காலத்தில் கேட்காதவர்களுக்கு அது நீதிமன்ற உத்தரவாக வந்து சேர்கிறது.

ஆகவே பட்டதாரிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஊரிலேயே பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், கலை அறிவியல் என்று கல்லூரிகள் இருக்கின்றன. தறியும் சாயமும் அவற்றின் வாசலில் இருக்கின்றன. நீங்கள் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்குங்கள். மருந்தியல் படித்தவர் சாயத் தொழிலாளரின் தோலையும் மூச்சையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் பதிவு செய்யட்டும். வணிகவியல் படித்தவர், எந்தச் சந்தையில் யார் எந்த நிறத்தை என்ன விலைக்கு எடுக்கிறார் என்பதை வினாத்தாளில் தேடாமல் கடைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்கட்டும். வரலாறு படித்தவர் சாயவேரும் அவுரியும் இங்கே என்ன முறையில் ஏறின, ஏன் நின்றன என்று எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் படித்து மறுக்கட்டும். மறுப்பைத் தாங்கி நின்றதை மட்டும் அச்சிடுங்கள். முதல் அறிக்கையைச் சாயப்பட்டறைத் தொழிலாளர் கையில், தமிழில் கொடுங்கள்.