டிக்கெட்டில் இருக்கும் நேரமும் பயண நேரமும்

(மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியது)

நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். எனவே விமானப் பயணக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நேர்தூரம் சுமார் 13,900 கி.மீ. பூமி உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது சைபீரியா, ஆர்க்டிக் பக்கமாகப் போகும். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் பதினைந்தரை மணி நேரம். ஆனால் நாம் துபாய் மாறிப் போகிறோம். சென்னை-துபாய் சுமார் 2,900, துபாய்-சான்பிரான்சிஸ்கோ சுமார் 13,000. ஆக 15,900 கி.மீ. நேர்தூரத்தைவிட 2,000 அதிகம்.

இனி நேரம். மகளின் பிரசவத்துக்குப் போக எங்களுக்கு வந்த டிக்கெட்டில், ஜூன் 15 அதிகாலை 1.40-க்குச் சென்னையில் புறப்பாடு, அதே 15 பிற்பகல் 1.40-க்குச் சேருதல் என்று இருந்தது. "பன்னிரண்டு மணி நேரம்தானே!" என்றாள் என் மனைவி. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் அந்த ஊர் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கி இருக்கும், குளிர்காலத்தில் பதிமூன்றரை. அதைக் கூட்டினால் 24 மணி 30 நிமிடம். துபாய்க்கு 4.15, அங்கே காத்திருப்பு 4.25, அடுத்த விமானம் 15.50. கணக்கு சரியாக 'டாலி' ஆனது. பெருமையாக விளக்கினேன்.

ஆனால் 15-ஆம் தேதி இரவு பத்தரைக்குப் போய் கவுண்டரில் நின்றேன். "சார், உங்க ஃபிளைட் இன்னிக்கு விடியற்காலையே போயிடுச்சே" என்றார் அந்தப் பெண். நள்ளிரவு தாண்டினால் தேதி மாறிவிடும். 14-ஆம் தேதி இரவே போயிருக்க வேண்டும். முப்பத்திநாலு வருடம் தேதி தவறிய காசோலைகளைத் திருப்பி அனுப்பியவன் நான். அன்று என்னையே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. நாங்கள் துபாயில் உட்கார்ந்திருந்தபோது பேத்தி பிறந்துவிட்டாள். பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இல்லை என்பதை மகள் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் எனக்கு வலி.

ஆகவே மூன்று விஷயங்கள். புறப்பாடு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் என்றால், காலண்டரில் முந்தைய தேதியில் வட்டம் போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள், ஊர் மாறினால் கடிகாரம் குழப்பும். நீண்ட விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும்.

டிக்கெட் வந்ததும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். வங்கியில் அதற்காகத்தான் இரண்டு கையெழுத்து. யாரும் இல்லையென்றால் என் வீட்டு மணியை அடியுங்கள்.