முதலில் சபையாரிடம்



வாழ்நாளின் பெரும்பகுதியைச் சபை ஊழியத்திலே கழித்தவன் என்ற உரிமையில் ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறேன். சபையில் வரப்போகும் எந்த மாற்றமும், பிரசங்க பீடத்திலிருந்து அறிவிப்பாக வாசிக்கப்படுவதற்கு முன்னரே, சபையாரின் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டிருக்க வேண்டும்.

1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்களின் அறிக்கையில் தொடங்கி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறிய தென்னிந்தியத் திருச்சபையின் ஐக்கியம் 28 ஆண்டு ஆலோசனையின் பலன். ஆயினும் அதில் இணைந்த ஏறத்தாழ 10 லட்சம் விசுவாசிகளில் மிகப் பெரும்பாலோர் அந்த ஆலோசனைக் கூடங்களின் வாசலையும் கண்டவரல்லர். அவர்களுடைய அச்சத்தை உணர்ந்தே, பழக்கமில்லாத ஆராதனை முறையையோ மனச்சாட்சி ஏற்காத ஊழியத்தையோ எந்தச் சபையின்மீதும் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியைத் திருச்சபையின் அமைப்புவிதியிலேயே பொறித்துவைத்தார்கள். அந்த வாக்குறுதியையே ஐக்கியத்தின் ஜீவநாடியாக நான் கருதுகிறேன்.

1950இல் புதிய திருவிருந்து ஆராதனை முறை வந்த காலத்தில் நான் மாணவன். கேரளத்துச் சிரியன் மரபைத் தழுவி, ஒருவர் தம் வலது உள்ளங்கையை அடுத்தவருடைய வலது உள்ளங்கையோடு பொருத்தி, இருவரும் இடக்கையால் மூடிச் சமாதானம் வழங்கும் வழக்கம் அதில் சேர்ந்திருந்தது. மதுரைப் பக்கத்து எங்கள் கிராமத்தில் முதியோர் தயங்கினர். எங்கள் போதகரோ வாதம் செய்யாமல், உபதேசியாரை உடன் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். ஒரு மூதாட்டி, "ஐயா, பக்கத்துல உக்காருறவ எங்கிட்ட வரப்புச் சண்டை போட்டவ, அவ கையை எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டாள். "பிடிக்க வேண்டாம் பாட்டி, முதல்லே வரப்பைப் பார்ப்போம்" என்று சொன்ன போதகர், மறுநாள் விடியற்காலையிலே இரு குடும்பத்தாரையும் வயலுக்கு அழைத்துச் சென்று, கயிறு பிடித்து அளந்து, எல்லைக்கல் நட்ட பிறகே அப்புதிய முறையை ஆலயத்தில் தொடங்கினார். வேதசாஸ்திர வகுப்பில் நான் பின்னர் கற்றவற்றுள் பல மறந்துபோயின. அந்தக் கயிறு மறக்கவில்லை.

வட இந்தியாவில் 1929இல் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு, 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் ஆறு சபைகளின் ஐக்கியமாகக் கனிந்தபோது, தென்னாசிய மெதடிஸ்ட் திருச்சபை கடைசிக் கட்டத்தில் விலகிக்கொண்டது. காரணங்கள் பல, மேசையில் இசைந்ததெல்லாம் சபையின் மனத்திலும் இசைந்துவிடுவதில்லை என்பதும் அவற்றுள் ஒன்று என்பது என் துணிபு.

இன்று பட்டம் பெறும் இளம் ஊழியர்களே, இந்த டில்லியிலே ஒரே ஆலயத்தில் இந்தியிலும் தமிழிலும் முறைவைத்து ஆராதனை நடக்கிறது. நாளை நீங்கள் ஆராதனை நேரத்தை அரைமணி மாற்ற நேர்ந்தாலும், கரோல்பாக்கில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் விதவைத் தாயிடம் படியேறிச் சென்று முதலில் சொல்லுங்கள். அவர் மறுத்தால், அந்த மறுப்பை அவருடைய சொற்களிலேயே சபைக் கமிட்டிக்கு எடுத்து வாருங்கள்.