கிழப்பருவத் துயரம் விதியா? வியாதியா?



இன்று நாம் பேசப்போவது உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரையும், அடுப்பங்கரை ஓரத்தில் சுருண்டு கிடக்கும் கிழவியாரையும் பற்றியதாகும். இதில் சுயமரியாதைக்காரர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டா இல்லையா என்பதைக் கடைசிவரை கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வயது முதிர்ந்த ஒருவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் தூக்கமில்லை. முதுகு வலி, நெஞ்சடைப்பு என்கிறார். வைத்தியர் பார்த்தால் ஒன்றும் புலப்படுவதில்லை. பேரப்பிள்ளை ஓடி வந்தாலும் முகம் மலர்வதில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறார். வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? ஒருவர், "வயதானால் அப்படித்தான்" என்கிறார். மற்றொருவர், "தலையெழுத்து" என்கிறார். மூன்றாமவர் ஜோசியனிடம் ஓடி, ஏழரைச் சனி என்று கேட்டு வந்து எள் விளக்கு ஏற்றுகிறார். இது ஒரு வியாதியாக இருக்கலாமே என்கிற எண்ணம் மாத்திரம் யாருக்கும் வருவதில்லை.

தோழர்களே! இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு 57 பேர் இந்த நோயுடன் இருக்கின்றார்கள். உலகத்தில் தற்கொலையால் மாள்பவர்களில் சுமார் நாலில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர் என்றும் அதே நிறுவனம் சொல்லுகிறது. இப்பொழுது யோசித்துப் பாருங்கள். வயதுதான் காரணமென்றால் ஆயிரம் பேருக்கும் அல்லவா வரவேண்டும்? மீதி 943 பேருக்கு ஏன் வரவில்லை? அவர்களுக்கு மாத்திரம் வயது ஆகவில்லையா? ஆகவே, "வயதானால் அப்படித்தான்" என்பதும் "தலைவிதி" என்பதும் ஒன்றேயாகும். இரண்டும் யோசிப்பதற்குச் சோம்பல்பட்டவர்கள் சொல்லும் வார்த்தைகளே.

நம் நாட்டுச் சங்கதியைப் பாருங்கள். 2017-18இல் இந்தியா முழுவதும் முதியவர்களைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 83 பேரிடம் இந்த நோயின் அடையாளங்கள் தென்பட்டன. ஆனால், தமக்கு இந்நோய் இருப்பதாக வைத்தியர் கண்டு சொன்னார் என்றவர்கள் 8 பேர்தான். மற்றவர்கள் பெயர் தெரியாத நோயைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். அவர்கள் செய்த பாவத்தின் பலனென்று அவர்களுக்கே சொல்லியும் கொடுத்திருக்கின்றோம்.

"இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகத்தால் வந்தது, நம்முடைய கூட்டுக் குடும்பத்தில் இது கிடையாது" என்று பழமைப் பிரியர்கள் சொல்லுவார்கள். ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் மாத்திரம் 76 ஆயிரம் பேர் தங்கள் வீட்டில் யாருமில்லாமல் தனியே செத்தார்கள். அவர்களில் 58 ஆயிரம் பேர் 65 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களுமாவார்கள். அது கொடுமைதான். ஆனால், பத்துப் பேர் இருக்கிற வீட்டில் பேச ஒரு ஆளில்லாமல் இருப்பது மாத்திரம் தனிமை அல்லவா?

வேறு யாரும் கேட்கத் துணியாத ஒன்றை நாம் கேட்கிறோம். புருஷனை இழந்த தாயைக் கல்யாண வீட்டில் பின்கட்டுக்குத் துரத்துவது யார்? பெற்ற மகளின் தாலிகட்டுக்கு முன்னால் வராதே, சகுனம் கெட்டுவிடும் என்று சொல்லுவது எந்த நாட்டு நாகரிகம்? வயதானவன் வனம் போக வேண்டும், பிறகு சந்நியாசியாக வேண்டும் என்று ஆசிரம தர்மம் எழுதி வைத்தது யார்? முதுமை என்றாலே முடிந்துபோன கணக்கு என்று ஒரு சாஸ்திரம் போதித்தால், அதைக் கேட்டு வளர்ந்த கிழவனாருக்கு மனம் எப்படித் தெளிவாக இருக்கும்? பென்ஷன் இல்லை, கையில் காசில்லை, காது கேட்கவில்லை, கண்ணில் புரை, கூட இருந்தவர் இறந்துவிட்டார். இவ்வளவையும் கர்மபலன் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், ஒன்றையாவது அவிழ்த்துப் பார்ப்பதற்கு யார் வருவார்கள்?

"பஜனைக்குப் போனால் மனம் லேசாகிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். நாம் மறுக்கவில்லை. ஆனால், லேசாக்கியது எது? நாலு பேருடன் கூடி உட்கார்ந்ததா, கல்லா? நாலு பேர்தான் மருந்தென்றால், அதைக் கல்லில்லாமலே கொடுக்கலாமே!

கோவாவில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். இலேசான சோர்வு கண்டிருந்த, 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியாருக்குப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் மந்திரமோ தாயத்தோ கொடுக்கவில்லை. கஷ்டத்தைக் கேட்டு அதைத் தீர்க்க வழி யோசித்தார்கள், தூக்கத்தைச் சீர்படுத்தினார்கள், உடம்பு நோயைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், கிடைக்கவேண்டிய உதவிகளைப் பெற வழி காட்டினார்கள். ஒரு வருஷத்தில் அந்த 91 பேரில் 4 பேருக்கு மாத்திரமே நோய் முற்றியது. வழக்கமான கவனிப்புப் பெற்ற மற்ற 90 பேரில் 13 பேருக்கு முற்றியது. இம்முடிவு 2019இல் வெளியாயிற்று. விதி என்று ஒன்று இருந்தால், அது பக்கத்தில் உட்கார்ந்து பேசியதற்காகத் தன் எழுத்தை அழித்துக்கொள்ளுமா?

ஆகவே, தோழர்களே! நாம் சொல்லுவது இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பெரியவர் முகம் வாடி, உணவும் உறக்கமும் குறைந்து, எதிலும் பற்றில்லாமல் இருந்தால், ஜோசியனிடம் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இது மருந்தாலும் பேச்சாலும் குணப்படுத்தக்கூடிய வியாதி. "செத்தால் தேவலை" என்று அவர் சொன்னால், கிழவர் புலம்புகிறார் என்று தள்ளாமல் அன்றைக்கே கவனியுங்கள். 2022இல் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம். விதவைத் தாயை மணமேடையில் முன்னால் உட்காரவையுங்கள். குடும்பக் காரியத்தில் பெரியவர்களின் யோசனையைக் கேளுங்கள். நமது படிப்பகங்களில் மாலைதோறும் அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, கண் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுங்கள்.

சுயமரியாதை என்பது வாலிபர்களுக்கு மாத்திரம் உரிய சொத்தல்ல. 70 வயதிலும், "நான் ஒரு மனிதன், என்னால் பிரயோஜனம் உண்டு" என்று ஒருவர் நினைக்கும்படி செய்வதும் நம்முடைய வேலைதான். அந்த வேலையை நாளைக் காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஆரம்பியுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.