மார்ஷ்மெல்லோ எதை அளந்தது?

வேலிடிட்டின்னு சொன்னதும் நமக்கு ரீசார்ஜ் பேக்தான் நினைவுக்கு வரும். ஆராய்ச்சியில் அது வேறு. பாடநூலில் ‘ஏற்புடைமை’ன்னு போட்டிருப்பாங்க. எதை அளக்கிறோம்னு சொல்றோமோ, அதைத்தான் அளக்கிறோமா? இவ்வளவுதான் கேள்வி. நம்பகத்தன்மையோட இதைக் குழப்பிக்க வேண்டாம். கடைத் தராசு தினமும் தவறாம 50 கிராம் கூடுதலாக் காட்டினா, நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை கிடையாது.

மார்ஷ்மெல்லோ சோதனை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1960களின் கடைசியில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் நடத்தியது. குழந்தை முன்னாடி ஒரு மிட்டாய். நான் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டு. அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் எஸ்.ஏ.டி. தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாக 1990இல் ஒரு கட்டுரை வந்தது. அப்புறம் என்ன, தன்னடக்கம்தான் எல்லாம்னு மேடைக்கு மேடை பேசினாங்க. நானும் ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். ஒரு அம்மா எழுந்து, “எங்க வீட்ல வச்சிருந்து சாப்பிட்டா, அண்ணன் எடுத்துடுவான் சார்”னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

அந்த அம்மா சொன்னது ஜோக் இல்லை. 2013இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். முதலில் படம் வரைய உட்காரவைத்து, இதைவிட நல்ல க்ரேயான் கொண்டுவர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க. பாதிப் பேருக்குக் கொண்டுவந்தாங்க. மீதிப் பேர்கிட்ட வெறுங்கையோட வந்து, மன்னிச்சுக்கோ, இல்லைன்னாங்க. ஸ்டிக்கருக்கும் இதே கதை. அதுக்கப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியா 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்! முழுசா 15 நிமிடமும் தாண்டியவர்கள் முதல் பாதியில் 14க்கு 9, இரண்டாவதில் ஒரே ஒருத்தர். அப்போ கடிகாரம் அளந்தது தன்னடக்கத்தை மட்டுமா, பெரியவங்க மேல இருக்கிற நம்பிக்கையையுமா?

2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் பின்னாளைய கல்விக்கும் இருந்த தொடர்பு, பழைய ஆய்வில் கண்டதில் சுமார் பாதிதான். குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போயிடுச்சு. மிஷெலைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மாதிரி சின்னது, பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவங்க பிள்ளைகள். அதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் நீட்டியது நாமதான். ஒருத்தர் ஆய்வை எதுவரைக்கும் நீட்டலாம் என்பது வெளி ஏற்புடைமை. அதை அடுத்த எபிசோடில் பார்ப்போம்.