தேனீயைப் படிப்பதும் கல்வியே



கல்வி மேடைகளில் நாம் வழக்கமாக மருத்துவம், பொறியியல், ஆட்சிப் பணி ஆகியவற்றையே பேசி வருகிறோம். அவை வேண்டியவைதாம். இன்று மட்டும் பூச்சிகளைப் பற்றிப் பேச இசைவு தாருங்கள். பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு செல்லும் நம் நாட்டுத் தேனீக்களையும் வண்டுகளையும் ஆய்ந்து காப்பதையே வாழ்நாள் பணியாகக் கொள்ளும் கல்வித் துறை ஒன்று உண்டு. “பூச்சியைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று தாய்மார் கேட்பீர்கள். அதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நமக்குத் தெரிந்த கத்தரிச் செடியிலிருந்து தொடங்குவோம். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுவதற்கு முன்னும் பின்னும், ஆவடி, திருமழிசை, பூவிருந்தவல்லி வட்டாரத்துக் கழனிகளிலும் தோட்டங்களிலும் களை பறித்தவர்கள், காய் கொய்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். நிலம் பெரும்பாலும் பிறருடையது. ஆயினும் எந்தப் பூவில் எந்த வண்டு அமரும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். எவரும் அதை அறிவென்று எழுதி வைக்கவில்லை.

கத்தரிப் பூவின் மகரந்தப் பை பிளந்து கொட்டுவதில்லை. அதன் நுனியில் ஊசித் துளை போன்ற வாய் மட்டுமே உண்டு. கருவண்டு என நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், உடலில் நீலப் பட்டைகள் கொண்ட மற்றொரு தேனீயும் பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு மார்புத் தசையை அதிரச் செய்கின்றன. உப்புக் குடுவையைக் குலுக்கினாற்போல் மகரந்தம் உதிர்கிறது. தக்காளிப் பூவிலும் இவ்வாறே. காற்றின் அசைவாலும் ஓரளவு காய்க்கும். வண்டு வந்துபோன பூவில் காய்ப்பு மிகும். 1960களில் வடநாட்டில் நிலைபெற்றுப் பின்னர்ப் பரவிய இத்தாலியத் தேனீ தேனை மிகுதியாகத் தருவது உண்மை. ஆனால் இந்த அதிர்வு வித்தை அதற்குக் கைவராது.

தச்சுத் தேனீ பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும். நீலப் பட்டைத் தேனீ மண்ணில் குழி தோண்டி முட்டையிடும். ஏரிக்கரையையும் வாய்க்கால் ஓரத்தையும் சிமெண்டால் பூசிவிட்டால் அவை வீடிழக்கும். வீடிழப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஆய்வில் வாழ்நாளைச் செலுத்துவோர் நம் நாட்டிலேயே உள்ளனர். திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஹேமா சோமநாதன் அவர்களில் ஒருவர். இரவில் பறக்கும் தச்சுத் தேனீ ஒன்று, விண்மீன் ஒளியிலேயே நிறம் பிரித்தறிந்து கூடு திரும்புவதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்டனர். அத்தேனீயின் அறிவியல் பெயரில் இருப்பது நம் தரங்கம்பாடி ஊரின் பெயர்!

பெங்களூரில் கீதா திம்மேகவுடாவும் குழுவினரும் மலைத்தேனீக்களை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்று மாசு மிகுந்த இடங்களில் பிடித்த தேனீக்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஒரு நாளுக்குள் இறந்தன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் புகையிலும் அம்பத்தூர்ப் பட்டறைகளின் தூசியிலும் நம் வட்டாரத் தேனீ எத்தனை நாள் வாழும்? இந்தக் கேள்வியை அளந்து சொல்பவர் ஏன் நம் தெருவில் பிறந்தவராக இருக்கலாகாது?

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தது 1913இல். அவ்வேளையில் அதே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கறுப்பின மாணவர்களுக்கான சம்னர் உயர்நிலைப் பள்ளியில் சார்லஸ் ஹென்றி டர்னர் ஆசிரியராக இருந்தார். 1867இல் பிறந்து, 1907இல் சிகாகோப் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆயினும் ஆய்வுக் கூடமுள்ள பெரிய பல்கலைக் கழகம் எதுவும் அவருக்கு இடம் தரவில்லை. அவர் பள்ளி வேலைக்கிடையே பூங்காவில் வண்ண அட்டைகளில் தேன் வைத்துப் பார்த்தார். தேனீ நிறமறியும் என்பதற்கான சோதனைகளை 1910இல் வெளியிட்டார். எழுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதி 1923இல் மறைந்தார். அவருக்குப் பின் தேனீயின் புலன்களை ஆய்ந்த கார்ல் வான் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். டர்னரின் பெயரோ நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது.

அவருடைய துணிவுக்குக் கைதட்டுவது எளிது. தம் வழியில் ஓர் ஆய்வு மாணவரையேனும் பயிற்றி முனைவராக்கும் இடம் அவருக்கு வாய்க்கவில்லையே, அதுவே நம்மை உறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் நுழைந்தால் போதாது. பின்வருபவருக்குக் கதவு திறக்கும் பதவி வரை அவர் செல்ல வேண்டும்.

இனி அந்தத் தாயின் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர் விலங்கியல், தாவரவியல், வேளாண்மை ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெறலாம். பின்னர்ப் பூச்சியியலிலோ சூழலியலிலோ முதுகலை; தேசியத் தகுதித் தேர்வு; அதன்பின் முனைவர் பட்டத்திற்கு ஐந்தாண்டு அளவில் ஆகும். வேளாண் பல்கலைக் கழகங்கள், கல்லூரிகள், நடுவண் அரசின் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றில் பணி உண்டு. வழி நீளமானது என்பதை மறைக்க மாட்டோம். பட்டியல் இன ஆய்வாளர்களுக்கென 2005 முதல் நடுவண் அரசின் தனி உதவித் தொகை இருக்கிறது. ஆனால் அது மாதந்தோறும் தவறாமல் வரும் என்று நம்பி வாடகை வீடு பிடிக்க இயலாது. கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஆய்வைக் கைவிடுவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு மாதங்களில்தான்.

ஆகவே செயற்குழுவின் முன் ஒன்றை வைக்கிறோம். விழா நிதியில் ஒரு பகுதியை ஆய்வு மாணவர்களுக்கான வட்டியில்லாக் கைமாற்றாக ஒதுக்குவோம். உதவித் தொகை நிலுவை வந்ததும் அவர்கள் திருப்பிச் செலுத்தட்டும். அடுத்தவருக்கு அது பயன்படட்டும். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குறிப்பேடு கொடுப்போம். ஞாயிறு காலையில் ஏதேனும் ஒரு கத்தரிப் பாத்தியருகே அரை மணி நேரம் அமர்ந்து, எத்தனை பூக்களுக்கு எந்தெந்த வண்டு வந்தது என்று தேதியிட்டு எழுதட்டும். குறிப்பேடுகளை வாங்கும் செலவை நாமே ஏற்கிறோம்.