பிராந்திக்குச் சர்க்கார் கடை, கஞ்சாவுக்குச் சிறைக்கூடம்!

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

கூலியைப் பற்றிப் பேசலாம், போனஸைப் பற்றிப் பேசலாம், நிலத்தைப் பற்றிப் பேசலாம். கட்சி மேடையில் கஞ்சாவைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஆலைத் தெருவிலும் கூலிக்காரர் காலனியிலும் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது. சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலம் வைத்திருந்தான் என்று நம் வீட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த ஜீப் எதைத் தாண்டிப் போகிறது? பகல் 12 மணிக்குத் திறந்து வைத்திருக்கும் சர்க்கார் மதுக்கடையைத் தாண்டித்தான் போகிறது!

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கஞ்சா நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. இளம் வயதிலிருந்து நாள்தோறும் இழுக்கிறவனுக்குப் புத்தி மங்குகிறது. சிலருக்கு மனநோய் கிளம்புகிறது. டாக்டர்கள் சொல்லும் இந்த எச்சரிக்கை வாஸ்தவமானது. போதையோடு ஓடும் மிஷின் முன் நின்றால் கை போகும். எந்தப் போதையானாலும் அப்படித்தான். நம்முடைய கேள்வி வேறு. எந்தப் போதையில் எவ்வளவு கேடு என்று நிறுத்துப் பார்த்துத்தான் சர்க்கார் சட்டம் செய்திருக்கிறதா? அல்லது வருமானம் யாருக்கு என்று பார்த்துச் செய்திருக்கிறதா?

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய சர்க்காரே 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர்கள் எடுத்த கணக்கு அது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேர் குடியால் கெட்டுப்போய் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். கஞ்சா, சரஸ், பாங்கு ஆகிய மூன்றையும் சேர்த்து உபயோகிப்பவர்கள் 3 கோடியே 10 லட்சம் பேர். உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 72 லட்சம் பேர். 72 லட்சமும் சின்னத் தொகையல்ல. ஆனால் 5 கோடியே 70 லட்சத்துக்குக் காரணமான சரக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது?

புகையிலை நம் நாட்டில் ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்கு மேல் பலி வாங்குகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மதுவால் 2019-ல் மட்டும் உலகத்தில் 26 லட்சம் பேர் மாண்டார்கள் என்பதும் அதே ஸ்தாபனத்தின் கணக்குத்தான்.

பிரிட்டனில் நிபுணர்கள் கூடி 20 போதைப் பொருள்களுக்குக் கேட்டின் அளவுப்படி 100-க்கு மார்க் போட்டு 2010-ல் வெளியிட்டார்கள். மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, புகையிலைக்கு 26, கஞ்சாவுக்கு 20. இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் டேவிட் நட், மதுவும் புகையிலையும் கஞ்சாவைவிடக் கேடு என்று அதற்கு முந்தின ஆண்டே சொன்னார். சொன்னதற்காக, சர்க்காரின் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியிலிருந்து 2009 அக்டோபரில் நீக்கப்பட்டார். தராசைச் சரியாகப் பிடித்தவருக்குக் கிடைத்த வெகுமதி அதுதான்!

ஒரே செடி, இரண்டு நியாயம்

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூவும் காயும் உள்ள நுனி. இலை மட்டும் தனியாக இருந்தால் அது சட்டப்படி கஞ்சா அல்ல. ஆகவே அதே செடியின் இலையை அரைத்த பாங்கு காசியிலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடையில் விற்கப்படுகிறது. இலைக்கு லைசென்ஸ், பூவுக்கு விலங்கு!

விலங்கு என்றால் எத்தனை காலம்? ஒரு கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை போனால் பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, அதிகம் போனால் இருபது ஆண்டு. அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். அந்த வழக்கில் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. இவன் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கு முன்கூட்டியே திருப்தி ஏற்பட வேண்டும்.

இந்தச் சட்டம் கையில் இருந்த மூட்டையின் எடையை நிறுக்கிறது. இருநூறு, முந்நூறு கூலிக்கு மூட்டை தூக்கியவனா, மூட்டைக்குச் சொந்தக்காரனா என்று பார்த்துத் தண்டனையைப் பிரிப்பதில்லை. சொந்தக்காரன் பஸ்ஸில் மூட்டையோடு வருவானா, தோழர்களே? பிடிபடுகிறவன் நம் ஆள். வக்கீலுக்குக் கொடுக்கத் தாலியை அடகு வைப்பவள் நம் வீட்டுப் பெண்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை

காஜிப்பூரில் சர்க்கார் பாக்டரி வைத்து அபினி காய்ச்சிச் சீனாவுக்குத் தள்ளிய வெள்ளைக்காரன், அதை வாங்க மறுத்த சீனாவின் மீது 1839-ல் யுத்தமே நடத்தினான். அதே வெள்ளைக்காரன் 1893-ல் கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் வைத்தான். கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் ரிஜிஸ்தர்களைப் புரட்டிப் பார்த்தது. பைத்தியத்துக்குக் காரணம் தெரியாத இடத்திலெல்லாம் சரியான விசாரணையின்றி 'கஞ்சா' என்று எழுதி வைத்திருந்தது வெளிப்பட்டது. மிதமான உபயோகத்தால் பெரிய கேடு இல்லை, முழுத்தடை அவசியமில்லை, லைசென்ஸும் வரியும் போதும் என்று 1894-ல் அறிக்கை வந்தது. ஏழையின் மேல் கருணையால் வந்த முடிவு என்று எண்ண வேண்டாம். வரி வருமானத்தின் மீதும் அவனுக்குக் கண் இருந்தது. என்றாலும் விசாரித்துவிட்டு முடிவு சொன்னான்.

பிறகு 1961-ல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. கஞ்சாப் பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு தவணை என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. தவணை தீருமுன் 1985-ல் நம் சட்டம் வந்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் கமிஷன், மிக அபாயகரமான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்று வோட்டுப் போட்டது. நீக்கச் சொல்லி வோட்டுப் போட்ட 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று! வெளியே ஒரு வோட்டு, உள்ளே ஒரு சட்டம்.

கல்லாப்பெட்டி யாருடையது?

டாஸ்மாக் 1983-ல் மொத்த வியாபாரமாகத் தொடங்கியது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் அதன் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சனிக்கிழமைக் கூலியிலிருந்து வந்தது. குழந்தையின் பால் காசிலிருந்து வந்தது. இன்னொன்றும் கேளுங்கள். மத்திய சர்க்காரின் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் பெரும் பங்குதாரர். ஆயுளுக்கு இன்ஷூரன்ஸ் விற்கும் ஸ்தாபனம் ஆயுளைக் குறைக்கும் தொழிலில் பங்காளி!

"அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுத்துவிடு" என்று சிலர் சொல்லலாம். போலீஸை மட்டும் நம்பிய தடையின் பலனைக் கள்ளச்சாராயச் சாவுகளில் பார்த்துவிட்டோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் கூலி ஜனங்கள். கடைச் சரக்கைவிட மலிவு என்று வாங்கிக் குடித்தார்கள். பீடியை நாளைக்கே நிறுத்தினால் திருநெல்வேலி, வேலூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் அடுப்பு அணையும். அதேபோல, கஞ்சாவையும் கம்பெனிகள் கையில் கொடுத்துப் பங்குமார்க்கெட்டில் ஏற்றுவதும் நமக்குப் பரிகாரமாகாது. கனடாவில் 2018 முதல் நடப்பது அதுதான்.

நம் கோரிக்கைகள்

எல்லாப் போதைக்கும் ஒரே தராசு வைக்க வேண்டும். அதில் நிறுக்க வேண்டியது ஜனங்களுக்கு வரும் கேடு. உபயோகித்தவனைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவனுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க 1985 சட்டத்தின் 64-ஏ பிரிவிலேயே இடமிருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் அதற்கு டாக்டரும் படுக்கையும் வேண்டும். மூட்டை தூக்கிய கூலியை விட்டு, மூட்டையின் முதலாளியைப் பிடிக்க வேண்டும். மதுக்கடைகளைப் படிப்படியாக மூட வேண்டும். ஆலை வாசலிலும் பள்ளிக்கூடத்து அருகிலும் உள்ளவை முதலில் போகட்டும். அந்த வருமானத்துக்கு ஈடாகப் பெரும் சொத்துக்காரர்மீது வரி போடட்டும். பீடித் தொழிலாளருக்கு மாற்று வேலை கொடுத்துவிட்டுப் புகையிலையைக் குறைக்கட்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் வலிக்கு மருந்து என்று பாட்டிலையோ பொட்டலத்தையோ தேடுகிற தோழனைச் சங்கம் தள்ளிவைக்கக் கூடாது. அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பன்னிரண்டு மணி வேலையை எட்டாக்கும் போராட்டத்தில் அவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெளிந்த தலையோடு நிற்கும் தொழிலாளியைக் கண்டால்தான் முதலாளிக்கும் பண்ணையாருக்கும் பயம். அந்தப் பயத்தை உண்டாக்குவோம், தோழர்களே!