விளிச்சொல்லும் மதிப்பும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒருவரை அழைப்பதற்கெனத் தனி வேற்றுமையே வகுத்தது தமிழ் இலக்கணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ‘விளிமரபு’ என ஓர் இயலே உண்டு. எனினும், சாந்தன்பாறை போன்ற மொழி எல்லையில் வாழ்வோர்க்குத் தம் மொழி மரபு ஒன்றே போதுவதில்லை.

தமிழில் ‘நீங்கள்’ என்பது மதிப்புச்சொல். அதன் உடன்பிறப்பாகிய மலையாள ‘நிங்ஙள்’ மலபாரில் மதிப்போடு வழங்கினும், அதற்குத் தெற்கே பல இடங்களில் மூத்தோரை நோக்கிச் சொன்னால் துடுக்காகவே கொள்ளப்படும். ஆகவே சேட்டன், சேச்சி, சார் என உறவோ பட்டமோ கூறி முன்னிலைச் சொல்லைத் தவிர்ப்பர். நம் பிள்ளைகள் பணிவோடு ‘நிங்ஙள்’ என்று கூறிக் கடிந்துரை பெறுவது இதனாலேதான். பிழை பிள்ளைகளுடையதும் அன்று, கேட்டவருடையதும் அன்று. ஒரே சொல் மலையின் இருபுறமும் வெவ்வேறு எடை பெற்றுவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சுவீடன் நாட்டில் ‘நி’ என்னும் பன்மைச் சொல், மேலோர் கீழோரை அழைக்கும் சொல்லாகக் கருதப்பட்டது. ஆதலால், எதிரில் அமர்ந்திருக்கும் மருத்துவரிடமே, “டாக்டர் காப்பி அருந்துகிறாரா?” என்று படர்க்கையில் வினவினர். 1967-இல் அந்நாட்டு மருத்துவத் துறைத் தலைவர் புரோர் ரெக்செட், தம் ஊழியர் அனைவரோடும் ‘டு’, அதாவது ‘நீ’, என்றே பேசப்போவதாக அறிவித்தார். முன்னரே அரும்பியிருந்த அம்மாற்றம் பின்னர் நாடெங்கும் பரவியது. அதே 1967-இல் தமிழகத்தில் அண்ணா அவர்களின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றின் இடத்தில் திரு, திருமதி, செல்வி என்பவற்றை அமைத்தது. அவர்கள் ‘நீ’ என்று சமமாயினர். நாம் ‘திரு’ என்று சமமாக முனைந்தோம்.

கேரளத்திலும் இவ்வெண்ணம் எழுந்தது. பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி 2021-இல், தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைத்தல் வேண்டா என ஒருமனதாகத் தீர்மானித்தது. பெயரையோ பதவியையோ சொல்லலாம். மூத்தவராயின் சேட்டன், சேச்சி எனலாம். விண்ணப்பத்தில் இரப்புச்சொல்லுக்கு மாறாக உரிமைச்சொல் எழுதலாம் என்றும் ஆயிற்று. சாளரத்தின் உட்புறம் அமர்ந்து பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர் என்ற முறையில் இதன் பொருளை நான் நன்கு உணர்கிறேன். சொல்லுக்குச் சொல் ‘சார்’ என்பவரிடம் பல வேளைகளில் காணப்படுவது மரியாதையன்று, அச்சமே. அஞ்சுபவர் கேட்கவேண்டியதைக் கேளாமலே திரும்பிவிடுகிறார்.

இனி, நம் தேயிலைத் தோட்டங்களையும் ஏலத்தோட்டங்களையும் நோக்குங்கள். வெள்ளையர் சென்ற பின்னும் மேலாளர்க்குத் ‘துரை’ என்னும் பெயர் நின்றது. கொழுந்து எடுக்கும் மூதாட்டியைப் பேரன் வயதினர் பெயர் சொல்லி ‘வா, போ’ என்பதையும் கேட்கிறோம். படை, கல்விச் சிறப்புகள் நீங்கலாக அரசு எவர்க்கும் பட்டம் வழங்கலாகாது என்கிறது அரசியற் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. ஆனால் நம் நாவில் நிற்கும் துரைப்பட்டத்தை நாமேதான் நீக்கவேண்டும்.

ஆகவே, மலையாள மூத்தோரைச் சேட்டன், சேச்சி என்று அன்போடு அழைப்போம், பிள்ளைகட்கும் கற்பிப்போம். அலுவலகத்தில் பதவிப் பெயர் சொல்லி, நிமிர்ந்து நின்று உரிமையைக் கேட்போம். தோட்டத்தில் உழைக்கும் மூத்தோரை ‘நீங்கள்’ என்போம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. நாளைக் காலையே தொடங்கலாம்.